முதியோருக்கான ஆயுஷ்மான் காப்பீடு: பயனாளர் உரிமைகள்

ஆயுஷ்மான் பாரத் பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம், இந்திய அரசின் பொது மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகும். 2018 செப்டம்பர் 23 அன்று ராஞ்சியில் தொடங்கப்பட்ட இத்திட்டம் முதலில் ஏழை, எளிய குடும்பங்களுக்கே உரியதாக இருந்தது. 2024 அக்டோபர் 29 முதல் 70 வயது நிறைந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி விரிவுபடுத்தப்பட்டது. இவர்களுக்கு ‘ஆயுஷ்மான் வய வந்தனா’ என்ற தனி அட்டை வழங்கப்படுகிறது.

தகுதியும் தொகையும்

வயதுக்கு ஆதார் அட்டையே சான்று. காப்பீட்டுத் தொகை குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். கணவன், மனைவி இருவரும் 70 வயதைக் கடந்திருந்தால் அதைப் பகிர்ந்துகொள்வர். ஏற்கெனவே திட்டத்தில் உள்ள குடும்பத்து முதியோருக்குக் கூடுதலாக 5 லட்சம் ரூபாய் உண்டு. அதில் 70 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பங்கில்லை. தனியார் காப்பீடோ இஎஸ்ஐயோ உள்ளவர்களும் சேரலாம். மத்திய அரசு சுகாதாரத் திட்டம் போன்ற அரசுத் திட்டங்களில் இருப்பவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சிகிச்சை உரிமைகள்

நீரிழிவு, இதய நோய் என முன்பே இருந்த நோய்களுக்கும் முதல் நாளிலிருந்தே காப்பீடு உண்டு. காத்திருப்புக் காலம் இல்லை. திட்டத்தில் இணைந்த மருத்துவமனை, காப்பீட்டுக்கு உட்பட்ட சிகிச்சைக்கு முன்பணமோ கூடுதல் கட்டணமோ கேட்கக் கூடாது. அனுமதிக்கு முந்தைய 3 நாள், வீடு திரும்பிய பின் 15 நாள் வரையான பரிசோதனை, மருந்துச் செலவுகளும் இதில் அடங்கும். பிற மாநிலங்களில் உள்ள இணைந்த மருத்துவமனைகளிலும் சிகிச்சை பெறலாம். ஆனால் புறநோயாளிச் சிகிச்சைக்குக் காப்பீடு கிடையாது. முதியோர் பலரின் மாதாந்திரச் செலவே மருந்துச் செலவு என்பதால், இது திட்டத்தின் பெருங்குறை.

குறைதீர்ப்பு

சிகிச்சை மறுக்கப்பட்டாலோ பணம் கேட்கப்பட்டாலோ 14555 என்ற கட்டணமில்லா எண்ணிலும் இணையவழியிலும் புகார் செய்யலாம். மாவட்டம், மாநிலம், தேசியம் என மூன்று நிலைகளில் குறைதீர்ப்புக் குழுக்கள் உள்ளன.

நுகர்வோர் சட்டம்

‘இலவசச் சிகிச்சை பெற்றவர் நுகர்வோர் அல்லர்’ என்ற வாதம் எல்லா இடத்திலும் செல்லாது. இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. நோயாளிக்காகக் காப்பீட்டு நிறுவனம் கட்டணம் செலுத்தினால் அது இலவசச் சேவை ஆகாது. மற்றவர்களிடம் கட்டணம் வாங்கும் மருத்துவமனை, சிலருக்கு இலவசமாகச் சிகிச்சை அளித்தாலும் சட்டத்துக்கு உட்பட்டதே. அனைவருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் இதில் வரமாட்டா. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, சேவைக் குறைபாடு நேர்ந்த 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் முறையிட வேண்டும்.

இந்த உரிமைகளை நிலைநாட்ட ஆவணம் தேவை. கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது, டிஸ்சார்ஜ் அறிக்கை, புகார் எண் ஆகியவற்றை முதியோரின் குடும்பத்தினர் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும்.