எழுத்துருவை முதல்ல இறக்குங்க

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சியில ஒரு புத்தகத்தைப் பிரிச்சா உடனே படிக்கலாம். 1990கள்ல இணையத்துல தமிழ் அப்படி இல்லை. முதல்ல எழுத்துருவை இறக்கி, கணினியில நிறுவணும்.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. சுவிட்சர்லாந்துல இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை இலவசமா கொடுத்தார். மலேசியாவுல முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' செய்தார். சிக்கல் என்னன்னா, ஒரே எண்ணுக்கு ஒவ்வொரு எழுத்துருவும் வேற வேற எழுத்தை வெச்சிருந்தது. எழுத்துரு மாறினா கடிதம் கிறுக்கலாயிடும்.

இதைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில சென்னையில 'தமிழ்நெட் 99' மாநாடு கூடுச்சு. டாம், டாப் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் அதுல உருவானவை. அடுத்து விண்டோஸ் 2000, யுனிகோடு தமிழோட லதா எழுத்துருவையும் சேர்த்தே கொண்டுவந்தது. தனியா இறக்குற வேலை மெல்லக் குறைஞ்சது.

எங்க வீட்டுப் பழைய சி.டி.யில, மறைந்த பெரியப்பா அப்பாவுக்கு அனுப்பின மின்னஞ்சல்கள் இருந்தன. திறந்தா வெறும் கிறுக்கல். மயிலையைத் தேடி நிறுவினதும் முதல் வரி தெரிஞ்சது: "தம்பி, சௌக்கியமா?" கோப்பு கெடலை, சாவிதான் தொலைஞ்சிருந்தது. உங்ககிட்டயும் அப்படி இருந்தா, இப்பவே யுனிகோடுக்கு மாத்தி வெச்சுக்கோங்க.