பட்டினி உடலில் இன்சுலின்: ஒரு நல்ல எண் சொல்லாத செய்தி

1866 சனவரியில் லண்டன் மருத்துவர் வில்லியம் கல்லிடம் பதினேழு வயதுப் பெண் ஒருத்தியை அழைத்து வந்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்தாள். நாடி நிமிடத்துக்கு 56 முறைதான் துடித்தது; மாதவிலக்கு நின்று ஓராண்டு ஆகியிருந்தது. நுரையீரலிலோ வயிற்றிலோ எந்த நோயும் தட்டுப்படவில்லை. அவளோ ஓரிடத்தில் உட்காராமல் நடமாடிக்கொண்டே இருந்தாள். இவ்வளவு மெலிந்த உடலுக்கு இந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்று கல் வியந்தார். 1873-இல் லண்டன் கிளினிக்கல் சொசைட்டியில் ‘மிஸ் ஏ’ என்று குறிப்பிட்டு அவளைப் பற்றிப் பேசினார். ‘அனோரெக்சியா நெர்வோசா’ என்ற பெயர் அவர் வைத்ததுதான். அதே ஆண்டில் பாரிசில் சார்ல் லாசேக்கும் இந்நோயை விவரித்தார்.

பெயர் பொருந்தவில்லை. அனோரெக்சியா என்றால் பசியின்மை. ஆனால் இந்நோயாளிகள் பலருக்குப் பசி இருக்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் அவர்கள் இரத்தத்தில் மிகுந்தே காணப்படுகிறது. பசியோடு இருந்துகொண்டே உண்ண மறுக்கும் நோய் இது.

கல்லின் காலத்தில் இன்சுலின் என்ற பெயரே இல்லை. இன்று இப்படி ஒரு பெண்ணுக்கு இரத்தப் பரிசோதனை செய்தால் அறிக்கை பார்க்க அழகாக இருக்கக்கூடும்: சர்க்கரை குறைவு, இன்சுலின் அதைவிடக் குறைவு. சர்க்கரை நோய்க்கு அஞ்சிப் பழகிய நம் குடும்பங்களில் அந்தத் தாளைப் பார்த்து நிம்மதி அடைவார்கள். அந்த நிம்மதிக்கு ஆதாரம் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இன்சுலின் எதிர்ப்பை மதிப்பிட ஹோமா என்ற எளிய வாய்பாடு 1985 முதல் புழக்கத்தில் உள்ளது. வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தின் சர்க்கரை அளவை இன்சுலின் அளவால் பெருக்கி 405-ஆல் வகுக்க வேண்டும். சர்க்கரை 90, இன்சுலின் 9 என்றால் விடை 2. சர்க்கரை 70, இன்சுலின் 2 என்றால் விடை 0.35. எண் சிறியதாக இருந்தால் உணர்திறன் அதிகம் என்று பொருள் கொள்வார்கள். ஆனால் பட்டினி கிடக்கும் உடலில் கணையத்துக்கு வேலையே குறைவு. சுரப்பு அடங்கிக் கிடக்கிறது. எண் சிறுத்ததற்கு அதுவே போதிய காரணம். தசை இன்சுலினுக்கு எப்படிப் பதில் சொல்கிறது என்பதை இந்தக் கணக்கு நேராகக் காட்டுவதில்லை.

அதைக் காட்ட ‘கிளாம்ப்’ என்ற முறை உண்டு. ஒரு சிரை வழியே சீராக இன்சுலின் ஏற்றுவார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்த்து, சர்க்கரை இறங்காதபடி குளுக்கோஸையும் ஏற்றிக்கொண்டே இருப்பார்கள். எவ்வளவு குளுக்கோஸ் தேவைப்பட்டதோ அதுவே உணர்திறனின் அளவு. இந்த முறையிலும் அனோரெக்சியா ஆய்வுகள் ஒன்றுபடவில்லை: சிலவற்றில் உணர்திறன் கூடியிருந்தது, சிலவற்றில் இயல்பாகவோ குறைந்தோ இருந்தது. அந்தக் குளுக்கோஸ் அளவை எந்த எடையால் வகுக்கிறோம் என்பதும் இதில் முக்கியம். கொழுப்பு கரைந்துபோன உடலின் ஒவ்வொரு கிலோவிலும் தசையின் பங்கு கூடுதல். ஆகவே மொத்த எடையால் வகுத்தால் ஒரு விடை வரும், கொழுப்பற்ற எடையால் வகுத்தால் வேறொன்று வரும். உண்பதைக் குறைப்பதோடு நிற்பவர்களையும், வாரி உண்டு வாந்தி எடுப்பவர்களையும் ஒரே கூட்டமாகச் சேர்த்துவிட்டால் குழப்பம் இரட்டிப்பாகும்.

குளுக்கோஸைக் குடிக்கக் கொடுத்தால் காட்சியே மாறலாம். சில நோயாளிகளுக்கு இன்சுலின் தாமதமாகவே ஏறுகிறது. சர்க்கரை இறங்க நேரம் பிடிக்கிறது. இது புதுச் செய்தி அல்ல. பட்டினி போட்ட நாய்களுக்குச் சர்க்கரை கொடுத்தால் அது சிறுநீரில் வெளியேறுவதை 1890-இல் ஃபிரான்ஸ் ஹோஃப்மெய்ஸ்டர் கண்டு, அதைப் ‘பட்டினி நீரிழிவு’ என்றார். கொழுப்பை எரித்தே பிழைக்கப் பழகிய தசைக்கு, சர்க்கரை திடீரென்று வந்தால் அதைக் கையாளும் ஏற்பாடு தயாராக இல்லை.

ஹார்மோன்களும் ஒரே திசையில் இழுப்பதில்லை. உணர்திறனைக் கூட்டும் அடிப்போனெக்டின் பெரும்பாலும் உயர்ந்திருக்கிறது. அதற்கு எதிராக இழுக்கும் கார்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் கூடவே உயர்ந்திருக்கின்றன. கொழுப்புத் திசு தரும் லெப்டின் அடிமட்டத்துக்கு இறங்க, மாதவிலக்கு நிற்கிறது. தைராய்டின் டி3 குறைய, உடல் குளிர்கிறது, இதயம் மெதுவாகிறது. மிஸ் ஏயின் 56 துடிப்பு இந்தச் சிக்கனத்தின் ஓசை. 1944–45-இல் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் 36 ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்தபோது, ஓய்வில் அவர்கள் செலவிட்ட ஆற்றல் ஏறத்தாழ 40 சதவீதம் சரிந்தது. எடை குறைந்ததால் மட்டும் வந்த சரிவு அல்ல அது. உடல் தன் செலவைத் தானே வெட்டிக்கொண்டது.

உயிருக்கு ஆபத்து, இன்சுலின் திரும்பி வரும்போதும் இருக்கிறது. நெடுநாள் பட்டினிக்குப் பின் மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் எழுகிறது. சர்க்கரையோடு பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றையும் உயிரணுக்களுக்குள் தள்ளுகிறது. ஏற்கெனவே வற்றிய இருப்பு. இரத்தத்தில் பாஸ்பேட் சட்டென விழுந்தால் இதயமும் மூச்சுத் தசையும் தளர்ந்துவிடும். இரண்டாம் உலகப் போரின் முடிவில் பட்டினியிலிருந்து மீண்டவர்களில் சிலர் உணவு கிடைத்த பிறகு இறந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கடுமையாக மெலிந்தவருக்கு ‘வயிறு நிறையப் போடுங்கள், சரியாகிவிடும்’ என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவது ஆபத்தான அறிவுரை. தையமின் கொடுத்து, முதல் நாட்களில் அடிக்கடி இரத்தம் பார்த்துத்தான் உணவைக் கூட்ட வேண்டும்.

இவையெல்லாம் பட்டினியின் விளைவுகள் மட்டும்தானா? 2019-இல் வெளியான பெரும் மரபணு ஆய்வு 16,992 நோயாளிகளையும் நோயில்லாத 55,525 பேரையும் ஒப்பிட்டு, நோயோடு தொடர்புள்ள எட்டு மரபணு இடங்களைக் கண்டது. நோய்க்கான மரபுச் சாய்வு கூடியவர்களிடம், வெறும் வயிற்று இன்சுலினையும் இரண்டாம் வகை நீரிழிவையும் குறைக்கும் சாய்வும் சேர்ந்து காணப்பட்டது. ஆகவே வளர்சிதை மாற்றத்தின் ஒரு பங்கு நோய்க்கு முன்பே அமைந்திருக்கலாம். இதை வைத்து ‘நீரிழிவு வராத உடல்’ என்று கொண்டாடுவது பிழை. மரபுத் தொடர்பு காரணத்தை நிறுவிவிடாது. ஆனால் பிடிவாதம் என்று பெண்ணையும், வளர்ப்பு சரியில்லை என்று தாயையும் ஏசும் வழக்கத்துக்கு இந்த ஆய்வு பலமான மறுப்பு.

மீட்சியிலும் வளர்சிதை மாற்றம் சோதிக்கிறது. உணவு கூடக் கூட ஓய்வுநிலைச் செலவும் ஏறுவதால், முதல் வாரங்களில் எடையைக் கூட்டிய அளவு பிறகு போதாமல் போகும். நோயாளி உணவை ஒளிக்கிறாள் என்று வீட்டார் சந்தேகிப்பதும் அப்போதுதான். திரும்பி வரும் கொழுப்பு முதலில் வயிற்றைச் சுற்றிச் சேர்வதும் வழக்கம். எடை நிலைத்தால் பெரும்பாலும் அது மாதக்கணக்கில் உடலெங்கும் பரவிவிடும். கண்ணாடி முன் நின்று ‘வயிறு மட்டும் உப்புகிறதே’ என்று நடுங்கும் பெண்ணிடம் இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்: முதல் நாளே, எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏற்றுவதற்கு முன்பே.