4294967297இன் காரணிகள்: உழைப்பா, வடிவமா?

2-இன் 32ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் 4294967297 வரும். இதே முறையில் 1, 2, 4, 8, 16 ஆகிய அடுக்குகள் தரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். இவ்வரிசை முழுவதும் பகா எண்களே என்று பெர்மா 1640இல் கருதினார். நிறுவல் அவரிடம் இல்லை. 1729இல் கோல்ட்பாக் இதை ஆய்லரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 641 இந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் என ஆய்லர் 1732இல் அறிவித்தார். அவருடைய அசாத்தியமான கணக்குத் திறனுக்குச் சான்றாக இதைச் சொல்வது வழக்கம். இங்கே வேலை செய்தது கணக்கு உழைப்பன்று, எண்ணின் வடிவமே என்பது என் வாதம்.

641 பகா எண்களின் வரிசையில் 116ஆவது. 2இலிருந்து ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பவர் 116 முறை வகுக்க வேண்டும். ஆய்லர் பின்னாளில் விளக்கிய வழி வேறு. ஒரு பகா எண் நம் எண்ணை வகுக்குமானால், அதனால் 2-இன் 32ஆம் அடுக்கை வகுக்கும்போது −1 மீதியாகும்; வர்க்கப்படுத்தினால் 64ஆம் அடுக்குக்கு மீதி 1. அதற்குக் குறைந்த எந்த அடுக்கும் 1 தராது. ஆகவே அந்தப் பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் 64-இன் மடங்கு கிடைத்தாக வேண்டும். இந்த வடிவில் அமைந்த பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே விடை.

சரிபார்ப்பதும் எளிது. 2-இன் 8ஆம் அடுக்கு 256. அதன் வர்க்கம் 65536. 641ஆல் வகுத்தால் மீதி 154. 154-இன் வர்க்கம் 23716. மீதி 640, அதாவது −1. ஒன்றைக் கூட்டினால் மீதி இல்லை.

மேற்கண்ட வாதத்தின் அடித்தளம் பெர்மாவின் சிறிய தேற்றம். அவரே அதை 1640இல் எழுதினார். 2-இன் 37ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண்ணுக்கு 223 காரணி என்பதையும் அதே ஆண்டில் இத்தகைய வழியில்தான் கண்டார். ஆக, கருவி அவர் கையில் இருந்தது. இந்த எண்ணில் அது பலன் தராமல் போனது வியப்புக்குரியது.

லூக்காஸ் 1878இல் 64ஐ 128ஆக உயர்த்தினார். அப்போது 641க்கு முன் நிற்கும் பகா எண் 257 மட்டுமே. அதுவும் இவ்வரிசையின் உறுப்பு. இவ்வரிசையின் எந்த இரண்டு உறுப்புகளுக்கும் பொதுக் காரணி இல்லை என்பதால் அதை வகுத்துப் பார்க்கவே வேண்டாம். மற்றக் காரணியான 6700417-இன் வர்க்கமூலம் 2589ஐ எட்டாது. அதற்குள் எஞ்சியவை 641, 769, 1153, 1409. மீதிகள் முறையே 44, 120, 334, 622. நான்கே வகுத்தல்களில் அதுவும் பகா எண் என்பது உறுதி.

ஆயினும் வடிவத்துக்கு ஓர் எல்லை உண்டு. அடுத்த உறுப்பான 18446744073709551617-இன் காரணிகள் 256-இன் மடங்கோடு 1 கூட்டிய வடிவின. 1880இல் லாந்திரி கண்ட சிறிய காரணி 274177; அதற்கான மடங்கு 1071. 641க்கு 128-இன் ஐந்தாம் மடங்கே போதுமானதாக இருந்தது. வடிவம் தேடும் பரப்பைச் சுருக்குகிறது. காரணி அப்பரப்பின் தொடக்கத்திலேயே கிடைக்கும் என்பதற்கு அது உறுதி தருவதில்லை.