இரும்பிலிருந்து ஃபெரைட்டுக்கு: சிக்கன விளக்கின் அடியில் இருந்த மின்மாற்றி

கொச்சிக் காயலைத் தூர்வாரிய மண்ணால் உருவாக்கப்பட்ட வில்லிங்டன் தீவில் மின்விநியோகம் துறைமுகத்தின் பொறுப்பு. மாநில மின்வாரியத்திடம் மொத்தமாக வாங்கும் மின்சாரத்தைத் துறைமுக நிர்வாகமே தீவில் பகிர்ந்தளிக்கிறது. இத்தகைய சிறு விநியோகஸ்தரின் இடத்தில் நின்று பார்த்தால் சிக்கன விளக்கின் வரலாறு வேறுவிதமாகத் தெரியும். வீட்டு மீட்டர் கணக்கிடுவது வாட்டை. கம்பி சுமப்பது ஆம்பியரை. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு, விளக்கின் அடியில் மறைந்திருக்கும் சுருளோடு தொடர்புடையது.

குழல்விளக்கினுள் வாயு ஒருமுறை கடத்தத் தொடங்கிவிட்டால் அதன் மின்தடை சரியும். மின்னோட்டம் கட்டின்றி ஏறும். அதைக் கட்டுப்படுத்தவே இரும்புத் தகடுகளின் மேல் செம்புக் கம்பி சுற்றிய சோக் வந்தது. 40 வாட் குழலுக்குரிய சோக் தன் பங்குக்குப் பத்து வாட்டுக்கு மேல் வெப்பமாக வீணடித்தது. ஸ்டார்ட்டர் சிமிட்டிச் சிமிட்டி விளக்கை எரியவைக்கும் அந்தத் தாமதம், மெதுவாகப் புரிந்துகொள்பவரைக் குறிக்கும் ‘டியூப்லைட்’ என்ற வழக்கைத் தமிழுக்குத் தந்தது.

சோக் கனத்ததற்குக் காரணம் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண். அதிர்வெண் உயர உயர, அதே மின்னழுத்தத்தைத் தாங்கச் சிறிய உள்ளகம் போதும். ஆனால் உயர் அதிர்வெண்ணில் இரும்புத் தகடு சுழல் மின்னோட்டத்தால் சூடேறும். இதற்கு விடை, மின்சாரத்தை எளிதில் கடத்தாத காந்தப் பீங்கானான ஃபெரைட். 1930இல் தோக்கியோவில் யோகொரோ காட்டோவும் தாக்கேஷி தாக்கேயியும் அதைக் கண்டறிந்தனர். 1935இல் அதன் உற்பத்திக்கென டி.டி.கே. நிறுவனம் தொடங்கப்பட்டது.

விளக்கு அந்தப் பொருளை ஏற்க அரை நூற்றாண்டு பிடித்தது. 1976இல் ஜெனரல் எலக்ட்ரிக்கின் எட்வர்ட் ஹேமர் சுருள்வடிவக் குழலை உருவாக்கினார். உற்பத்திச் செலவு கருதி அது கிடப்பில் போடப்பட்டது. 1980இல் பிலிப்ஸ் வெளியிட்ட எஸ்.எல். விளக்கினுள் பழைய இரும்புச் சோக்கே இருந்ததால் அது ஏறத்தாழ அரைக் கிலோ கனத்தது. 1985இல் ஆஸ்ராம் நிறுவனம் மின்னணுச் சுற்று அடங்கிய விளக்கைக் கொண்டுவந்த பிறகே கனம் குறைந்தது. பின்னாளில் பரவலான மலிவு விளக்குகளில் இரண்டு டிரான்சிஸ்டர்களை மாறிமாறி இயக்கியது, விரல்நுனியளவு ஃபெரைட் வளையத்தின் மேல் சில சுற்றுகளே கொண்ட ஒரு மின்மாற்றி. அதிர்வெண் 20,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதால் ஒளித்திறனும் சுமார் பத்து விழுக்காடு கூடியது.

இந்தியாவில் இம்மாற்றத்தின் பெரும் களங்களுள் ஒன்று கேரளம். மாலை விளக்கேற்றும் நேரத்தில் உச்சம் தொடும் மின்தேவை அம்மாநிலத்தின் நெடுநாள் சிக்கல். 2009இல் ஒன்றிய அரசு அறிவித்த ‘பச்சத் லேம்ப் யோஜனா’ திட்டத்தை 2010இல் கேரளம் மாநிலம் முழுவதும் செயல்படுத்தியது. குண்டு பல்பைக் கொடுத்து, 15 ரூபாய்க்குச் சி.எஃப்.எல். பெற முடிந்தது. விலையின் எஞ்சிய பகுதியைக் கார்பன் வரவு விற்பனையால் ஈடுகட்டுவது திட்டத்தின் கணக்கு.

60 வாட் பல்பின் இடத்தில் 14 வாட் விளக்கு. மீட்டரில் மிச்சம் முக்கால் பங்குக்கு மேல். கம்பியின் கணக்கு வேறு. மலிவான சி.எஃப்.எல். விளக்கின் திறன் காரணி 0.55 அளவில் இருக்கும். 14 வாட்டுக்காக அது கம்பியிலிருந்து இழுப்பது சுமார் 25 வோல்ட்-ஆம்பியர். ஆகவே கம்பியின் சுமை குறைந்தது பாதிக்குச் சற்று மேல்தான். அதுவும் அலையின் உச்சியில் மட்டும் துடிப்பாக இழுக்கப்படும் மின்னோட்டம். அதன் மூன்றாம் ஒத்திசைவுகள் மும்முனை இணைப்பின் நியூட்ரல் கம்பியில் ஒன்றுகூடும்.

இன்னொரு செலவு குப்பையில் சேர்ந்தது. முன்பு குழல், ஸ்டார்ட்டர், சோக் மூன்றையும் தனித்தனியே மாற்றலாம். ஒன்றாக்கப்பட்ட விளக்கில் ஒரு மின்தேக்கி கெட்டாலும் நல்ல குழலும் அதிலுள்ள சில மில்லிகிராம் பாதரசமும் சேர்ந்தே வெளியேறின.

மின்மாற்றி சிறுத்ததால் நாடு மின்சாரத்தை மிச்சப்படுத்தியது என்பது உண்மை. செலவின் ஒரு பகுதி வீட்டு மீட்டரிலிருந்து விநியோகஸ்தரின் கம்பிக்கும் ஊராட்சியின் குப்பைமேட்டுக்கும் இடம்பெயர்ந்தது என்பதும் உண்மை. 2015க்குப் பின் எல்.இ.டி. பல்பு அந்த இடத்தைப் பிடித்தபோது பாதரசம் நீங்கியது. திறன் காரணியின் கேள்வி நீங்கவில்லை. சிக்கனத்தை வாட்டால் மட்டும் அளக்கும் வரலாறு அரைக்கணக்காகவே இருக்கும்.