கொரிந்து நகரத்துப் பந்தி

கடைத்தெருவில் விற்கும் இறைச்சியை வாங்கி உண்ணலாமா, உண்ணலாகாதா? இன்று கேட்போருக்கு இது மிகச் சிறிய வினாவாகத் தோன்றலாம். ஆயினும், ஏறத்தாழ 1970 ஆண்டுகளுக்கு முன்னர், கிரேக்க நாட்டுக் கொரிந்து நகரில் வாழ்ந்த சிறியதொரு கிறிஸ்தவக் கூட்டத்தை இரண்டுபடச் செய்த வினாக்களுள் இதுவும் ஒன்று. அதற்குப் பவுல் அளித்த விடை, கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதலாம் நிருபத்தில் 8 முதல் 10 வரையுள்ள அதிகாரங்களில் விரிந்து கிடக்கின்றது. வேதநூல் என்றதும் உயர்ந்த தத்துவங்களையே எதிர்பார்த்து ஏட்டைத் திறப்பவர், அங்கே இறைச்சிக் கடையையும் விருந்துக் கூடத்தையும் கண்டு சற்றுத் திகைக்கவும் கூடும்.

கொரிந்து பழைய நகரந்தான். ஆனால் பவுல் கண்ட கொரிந்து புதியது. கி. மு. 146 ஆம் ஆண்டில் உரோமத் தளபதி மும்மியுஸ் பழைய நகரை அழித்தான். நூறாண்டுகள் பாழடைந்து கிடந்த அவ்விடத்தில், கி. மு. 44 ஆம் ஆண்டில் யூலியுஸ் சீசரின் ஆணையால் உரோமக் குடியேற்றம் ஒன்று அமைந்தது. அங்கு குடியேறியவருட் பெரும்பாலோர் அடிமைநிலையிலிருந்து விடுதலை பெற்றவர் என்று ஸ்திராபோ என்னும் புவியியலாசிரியர் எழுதியுள்ளார். மேற்கே லெக்கேயம், கிழக்கே கெங்கிரேயா என இரு துறைமுகங்கள்; இடையே ஒடுங்கிய நிலத்தொடுப்பு. இரு கடல்களின் வாணிகமும் வந்து கூடும் இடமாதலாற் செல்வம் விரைவிற் பெருகிற்று. பழங்குடிப் பெருமை பேச வழியில்லாத ஊரில், ஒருவனது மதிப்பை அளக்கும் கோல் அவன் ஈட்டிய பொருளும், அவன் யாருடைய விருந்திற் கலந்துகொண்டான் என்பதுமேயாயின.

பவுல் இங்கு ஒன்றரை ஆண்டு தங்கியதாக அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகின்றது. உரோமையிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்னும் யூதத் தம்பதியருடன் சேர்ந்து கூடாரத் தொழில் செய்து அவர் பிழைத்தார். அகாயா மாகாண அதிபதி கல்லியோன் முன் அவர் நிறுத்தப்பட்டதும் இக்காலத்திலேதான். கல்லியோனின் பெயர் பொறித்த கல்வெட்டுத் துண்டுகள் தெல்பி நகரிற் கிடைத்து, 1905 ஆம் ஆண்டு தொடக்கம் வெளியிடப்பட்டன. அவற்றின் துணையால் அவ்வதிபதியின் பதவிக்காலம் கி. பி. 51, 52 ஆம் ஆண்டுகளை ஒட்டியது என்று கணிக்க முடிந்தது. பவுலின் வாழ்க்கையில் ஆண்டு கணிப்பதற்கு இத்துணை உறுதியான சான்று வேறில்லை. பின்னர் அவர் எபேசு நகரில் இருந்தபோது கொரிந்திலிருந்து கடிதம் ஒன்று வந்தது; அதற்கு மறுமொழியாக, 54 ஆம் ஆண்டளவில் எழுந்ததே இந்நிருபம்.

அந்நகரத்தில் இறைச்சியும் வழிபாடும் பிரிக்கமுடியாதவாறு பின்னிக் கிடந்தன. பலியிட்ட விலங்கின் ஒரு பகுதி பீடத்தில் எரிக்கப்படும். ஒரு பகுதி பூசாரிகளுக்குச் சேரும். எஞ்சியது விருந்தாகும், அல்லது சந்தைக்குப் போகும். திருமணம், பிறந்தநாள், தொழிற்சங்கக் கூட்டம் எதுவாயினும் கோயிலைச் சார்ந்த உண்சாலையில் நடைபெறுவதுண்டு. சேராப்பிஸ் தெய்வத்தின் பந்திக்கு வருமாறு நண்பர் நண்பரை அழைத்த சிறு அழைப்போலைகள் எகிப்து நாட்டில் எடுக்கப்பட்டிருக்கின்றன. அவை அடுத்த நூற்றாண்டுகளுக்கு உரியவை. எனினும் பழக்கம் அதுவே. கொரிந்தின் இடிபாடுகளிலே சந்தைக் கட்டடத்தைக் குறிக்கும் இலத்தீன் கல்வெட்டுத் துண்டுகளும் கிடைத்துள்ளன. பவுல் எழுதியது கிரேக்கத்திலாயினும், இறைச்சிச் சந்தைக்கு அவர் வழங்கிய சொல் உரோமருடைய ‘மாக்கெல்லும்’ என்பதன் கிரேக்க வடிவமே. புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் அச்சொல் வரவில்லை. ஊரார் வாயில் வழங்கிய சொல்லையே அவர் எடுத்தாண்டார் போலும்.

இந்நிலையில், புதிதாக மனம் மாறியவன் என்ன செய்வான்? சபையில் ஒரு சாரார் துணிவோடு விடை கூறினர். கடவுள் ஒருவரே, விக்கிரகம் வெறும் பொருள், இல்லாத தெய்வத்துக்குப் படைத்ததனால் உணவுக்கு யாது கெடுதி என்பது அவர்கள் வாதம். இவர்கள் வசதி படைத்தவர்களாக இருந்திருக்க வேண்டும் என்று 1970களில் கெர்ட் தைசன் என்னும் ஜேர்மானிய அறிஞர் வாதிட்டார். செல்வர் வீட்டில் இறைச்சி அன்றாட உணவு. ஏழையோ அப்பத்தையும் கூழையும் பருப்பு வகைகளையும் உண்டு வாழ்பவன். இறைச்சி அவன் வாய்க்கு எட்டியது பெரும்பாலும் கோயில் விழாக்களிலேயே. ஆகவே அதன் மணமே அவனுக்குப் பழைய தெய்வத்தை நினைவூட்டியிருக்கும். இவ்விளக்கத்தை எல்லா அறிஞரும் ஏற்றாரல்லர். ஆயினும், கொள்கைப் பூசலாகத் தோன்றுவதன் அடியில் வயிற்றின் கதையும் இருக்கக்கூடும் என்பதை அது நன்கு காட்டிற்று.

பவுலின் மறுமொழி எளிதில் வகைப்படுத்த இயலாதது. துணிவுடையோரின் கொள்கை சரியே என்று முதலில் ஒப்புக்கொள்கிறார். விக்கிரகத்துக்கு உண்மையில் ஒரு பொருளும் இல்லை. ஆனால் எல்லாரும் அத்தெளிவை எய்தவில்லை. ஒருவன் கோயிற் பந்தியில் அமர்ந்திருப்பதைக் கண்டு, மனம் தெளியாத மற்றொருவன் தன் மனச்சாட்சிக்கு மாறாக உண்பானாயின், அறிவுடையவனது அறிவே அவனைக் கெடுத்ததாகும். அத்தகைய நிலை நேருமானால் தாம் ஒருபோதும் இறைச்சியைத் தொடுவதில்லை என்கிறார். சரியான கொள்கையைக் கையில் வைத்துக்கொண்டே ஒருவன் தவறிழைக்க முடியும் என்ற இக்கூற்று, அறிவைப் பாராட்டிப் பெருமைகொண்ட அச்சபையாருக்கு உறுத்தியிருக்கும்.

பின்னர் பத்தாம் அதிகாரத்தில் வழக்கறிஞரைப் போல இடம், சூழ்நிலை பார்த்துத் தீர்க்கிறார். கோயிற் பீடத்தின் பந்தியிற் பங்குகொள்ளலாகாது, அது வழிபாடு. சந்தையில் விற்பதை வாங்கலாம். அது எங்கிருந்து வந்தது என்று துருவிக் கேட்கவேண்டுவதில்லை. அயலான் தன் வீட்டுக்கு அழைத்தால் போகலாம். முன்னால் வைப்பதை உண்ணலாம். பந்தியில் யாராவது, இது பலியிட்டது என்று சொல்லிவிட்டால் மட்டும் கையை எடுத்துவிட வேண்டும். அதுவும் தன் மனச்சாட்சிக்காகவன்று, சொன்னவனுடைய மனச்சாட்சிக்காக. எருசலேமில் 49 ஆம் ஆண்டையொட்டிக் கூடிய மூத்தோர், விக்கிரகங்களுக்குப் படைத்தவற்றை விலக்குமாறு புறவினத்து விசுவாசிகளுக்கு எழுதியதாக அப்போஸ்தலர் நடபடிகள் கூறும். அத்தீர்மானத்தைப் பற்றி இந்நிருபத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஆணையைக் காட்டி வழக்கை முடிப்பது எளிது. அவர் அவ்வாறு செய்யவில்லை.

அப்படியாயின் மரபைப் பவுல் பொருட்படுத்தவில்லையா? பதினோராம் அதிகாரம் வேறு விடை தருகிறது. தாம் பெற்றுக்கொண்டதையே ஒப்புவித்ததாக அங்கே அவர் எழுதுகிறார். பெறுதல், ஒப்புவித்தல் என்னும் இவ்விரு சொற்களும் யூத ஆசிரியர்கள் குரு சீட பரம்பரையைக் குறிக்க வழங்கிய சொற்களுக்கு நேரானவை. அத்துணைக் கண்டிப்பான சொற்களால் அவர் எடுத்துரைக்கும் மரபு யாது? இயேசு காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்த இராப்போசனம். சுவிசேஷங்கள் ஏட்டில் ஏறுவதற்கு முன்னரே எழுத்தில் வந்துவிட்ட செய்தி இது.

அதை நினைவூட்ட நேர்ந்த காரணமோ வருந்தத்தக்கது. சபை கூடும்போது வசதியுள்ளோர் தத்தம் உணவை முந்தி உண்டுவிட, பொருளற்றவர் பசியோடிருந்தனர். ஒருவன் பட்டினி, மற்றொருவன் வெறி. அக்காலத்துச் செல்வர் வீட்டின் உண்ணும் அறையில் மூன்று மஞ்சங்களிற் சாய்ந்தபடி ஒன்பதின்மர் உண்பதே வழக்கம். மற்றையோர் முற்றத்தில் நின்றிருக்கவேண்டும். தரத்துக்கேற்ற உணவு என்பதும் அன்று குறையாகக் கருதப்படவில்லை. முதலாம் நூற்றாண்டின் இறுதியையொட்டி உரோம அறிஞர் இளைய பிளினி, தாம் கண்ட விருந்து ஒன்றைப் பற்றி நண்பர் ஒருவருக்கு எழுதினார். மேலோர்க்கு ஒன்று, கீழ்நிலை நண்பர்க்கு ஒன்று, விடுதலை பெற்ற அடிமைகளுக்கு ஒன்று என்று மூவகைத் திராட்சமது அங்கே வைக்கப்பட்டிருந்தது. தம் வீட்டில் எல்லாருக்கும் ஒன்றே என்று பிளினி பெருமையோடு குறிப்பிடுகிறார். இவ்வூண்முறையே கொரிந்துச் சபைக்குள்ளும் நுழைந்துவிட்டது. வறியவரை வெட்கப்படுத்திவிட்டு உண்பது கர்த்தருடைய இராப்போசனமே அன்று என்று பவுல் எழுதினார். ஒருவருக்கு ஒருவர் காத்திருங்கள் என்பதே முடிவாக அவர் இட்ட கட்டளை.

இறைச்சி பற்றிய அவரது நுணுக்கமான தீர்ப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. வெளிப்படுத்தின விசேஷம் பெர்கமு, தியத்தீரா நகரத்துச் சபையாரை இக்காரணத்துக்காகவே கடிந்துகொள்கிறது. 1873 இற் கண்டெடுக்கப்பட்டு 1883 இல் அச்சேறிய ‘திதாகே’ என்னும் பழைய கைந்நூலும், படைத்த உணவை முற்றாக விலக்கச் சொல்கிறது. வரம்பு கட்டுவது எளிது. அயலானின் மனத்தை ஒவ்வொரு வேளையும் எண்ணிப்பார்ப்பது அரிது.

அவ்விலக்கின் விளைவு சந்தையிலும் தெரிந்தது. 112 ஆம் ஆண்டளவில் பித்தினியா மாகாணத்தின் அதிபதியாயிருந்தவர் அதே பிளினி. கிறிஸ்தவர்களை விசாரித்துத் தண்டித்தபின் பேரரசர் திராயானுக்கு அவர் அறிக்கை அனுப்பினார். ஏறக்குறைய வெறிச்சோடிக் கிடந்த கோயில்களில் மீண்டும் ஆட்கள் கூடுகின்றனர். வாங்குவாரையே காணாதிருந்த பலி இறைச்சியும் மறுபடி விலைபோகின்றது என்பது அதில் ஒரு செய்தி. கிறிஸ்தவர் ஒன்றுகூடி உண்டது யாது என்றும் அவர் கேட்டறிந்தார். சாதாரணமான, தீங்கற்ற உணவே என்று, முன்பு அவர்களோடு இருந்து பின் விலகியவர்கள் கூறினர். அது மெய்தானா என்று அறிய, அச்சபையிற் பணிவிடைக்காரிகள் எனப்பட்ட இரண்டு அடிமைப் பெண்களை அவர் சித்திரவதை செய்து விசாரித்தார்.