தடுப்பணை கட்டினால் மட்டும் போதுமா? சிறு விவசாயிக்குத் தண்ணீர் கிடைப்பது எப்படி?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஓர் ஏக்கரில் 1 மி.மீ. மழை பெய்தால் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். ஆண்டுக்கு 400 மி.மீ. மட்டுமே பெய்யும் வறண்ட ஊரில்கூட, ஏக்கருக்கு 16 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் அளந்தால் 130 லாரிக்கு மேல் வரும்! அப்புறம் ஏன் வறட்சி? பெய்த மழை நிற்காமல், மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடிவிடுகிறது.

நீர்வடிப்பகுதி என்றால் என்ன?

மழைநீர் வடிந்து ஒரே ஓடையில் சேரும் மொத்த நிலப்பரப்பும் ஒரு நீர்வடிப்பகுதி. வேலையைக் குன்றின் உச்சியில் தொடங்க வேண்டும். மேலே அகழி, மரம், புல். சரிவில் கல் வரப்பு. கடைசியாகக் கீழே தடுப்பணை. மேலே விட்டுவிட்டுக் கீழே மட்டும் கட்டினால், அணையில் தண்ணீருக்குப் பதில் வண்டல்தான் நிற்கும்.

சேமித்த தண்ணீர் யாருக்கு?

சிக்கலே இங்கேதான். 1882ஆம் ஆண்டின் அனுபோக உரிமைச் சட்டத்தின்படி, நிலத்தடி நீர் நிலத்தின் உரிமையோடு சேர்ந்தது. அதாவது, ஊரே கூடி நீர்மட்டத்தை உயர்த்தினாலும், ஆழமாக போர் போட வசதி உள்ளவர் அதை உறிஞ்சிவிடலாம். இரண்டு ஏக்கர்காரரின் கிணறு மறுபடி வறண்டுவிடும்.

இதை ஹிவரே பஜார் எப்படிச் சமாளித்தது?

மகாராஷ்டிராவின் அகமத்நகர் (இப்போது அகில்யாநகர்) மாவட்டத்தில், மழை மறைவுப் பகுதியில் உள்ள கிராமம் இது. 1989இல் பொபட்ராவ் பவார் ஊராட்சித் தலைவரானார். பாசனத்துக்கு போர் போடக் கூடாது, கரும்பு, வாழை கூடாது, மரம் வெட்டக் கூடாது, கால்நடைகளை அவிழ்த்துவிட்டு மேய்க்கக் கூடாது என ஊரே முடிவெடுத்தது. ஆண்டுதோறும் மழையை அளந்து, கிராம சபையில் 'தண்ணீர் பட்ஜெட்' போடுகிறார்கள். குடிநீருக்கு ஒதுக்கிய பிறகுதான் பயிருக்கு. மழை குறைந்தால் பயிரும் மாறும்.

1995 கணக்கெடுப்பில் 182 குடும்பங்களில் 168 வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தன. பின்னாளில் அந்த எண்ணிக்கை 3 ஆகக் குறைந்தது.

நிலமே இல்லாதவர்களுக்கு?

மேய்ச்சல் தடை வந்தால் முதல் அடி ஆடு வளர்ப்பவர்களுக்குத்தான். இதற்கு வழி காட்டியது ஹரியானாவின் சுகோமஜ்ரி. சண்டிகரின் சுக்னா ஏரி வண்டலால் தூர்ந்துகொண்டே வர, அந்த மண்ணில் ஒரு பகுதி இந்தக் கிராமத்தின் மொட்டைக் குன்றுகளிலிருந்து வருவது 1970களில் தெரியவந்தது. அங்கே மண் அணை கட்டியபோது, நிலம் இல்லாத குடும்பங்களுக்கும் தண்ணீரில் சம பங்கு கொடுத்தார்கள். தேவையில்லை என்றால் அந்தப் பங்கை விற்றுக்கொள்ளலாம். குன்றைக் காப்பதில் எல்லோருக்கும் லாபம் இருந்ததால் மேய்ச்சல் நின்றது, புல் திரும்பியது.

பாதகமே இல்லையா?

இருக்கிறது. மேலூரில் ஒவ்வொரு சொட்டையும் பிடித்தால், கீழூர் ஏரிக்கு வரத்து குறையலாம். அதனால் ஓர் ஊரை மட்டும் வைத்து வெற்றியை அளக்க முடியாது.

அடுத்த முறை உங்கள் ஊரிலோ, உங்கள் கம்பெனியின் சிஎஸ்ஆர் நிதியிலோ தடுப்பணை திறந்தால், 'எத்தனை கட்டினார்கள்'னு மட்டும் பார்க்காதீங்க. போருக்கு வரம்பு உண்டா? நிலமற்றவர்களுக்குப் பங்கு உண்டா? கீழூரைக் கேட்டார்களா? இந்த மூன்றையும் கேளுங்க.