இரும்புக் குழாய் கடலேறிய கதை

1768ஆம் ஆண்டின் பிற்பகுதி. ஓசூர்க் கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கம்பெனியின் காவற்படை முடங்கிக் கிடந்தது. வெளியே மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் முற்றுகை. கோட்டையைக் காப்பாற்றக் கர்னல் உட் விரைந்து வந்தார். வேகம் குறையக் கூடாது என்று கனத்த பீரங்கிகளையும் தளவாடங்களையும் பக்கத்துப் பாகலூரிலேயே விட்டுவிட்டார். ஹைதர் காத்திருந்தது அதற்குத்தான். ஓசூரை விட்டுச் சட்டென்று விலகி, பாகலூருக்குள் புகுந்து, இருந்ததை அள்ளிக்கொண்டு போனார். சில மாதங்களில் அவருடைய குதிரைகள் சென்னைப் பரங்கிமலை வரை வந்து நின்றன. 1769 ஏப்ரலில் கம்பெனி சமாதானத்துக்கு இறங்கியது. நிலத்தில் அவரை மடக்க ஆளில்லை. ஆனால் அதே போரில், மேற்குக் கரையில் அவருக்கு வேறு கதை நடந்திருந்தது.

பெத்னூர் நாட்டைப் பிடித்த 1763 முதலே ஹைதர் மங்களூரில் கப்பல்கள் சேர்த்துவந்தார். சேர்த்தவர், அவற்றுக்குத் தலைமை தாங்கக் குதிரைப்படைத் தளபதி ஒருவரை அமர்த்தினார். கடலையே அறியாதவர் தங்களுக்கு மேலா என்று மாலுமித் தலைவர்கள் கொதித்தார்கள். 1768இல் பம்பாயிலிருந்து ஆங்கிலேயக் கப்பல்கள் வந்தபோது பலர் சண்டையே போடாமல் எதிரியோடு சேர்ந்துகொண்டார்கள். ஹைதர் சளைக்காமல் மறுபடி கட்டினார். 1780 டிசம்பரில் அட்மிரல் எட்வர்ட் ஹியூஸ் மங்களூர்த் துறைக்குள் நுழைந்து அந்தக் கப்பல்களையும் அழித்தார். ஆங்கிலேயரை நிலத்தில் தோற்கடிக்கலாம், கடலை வற்றவைக்க முடியுமா என்று ஹைதர் மனம் நொந்து சொன்னதாக ஒரு செய்தி வழங்குகிறது. அந்தக் கடலுக்கான விடை அப்போதே அவருடைய படையில் இருந்தது. அதைக் கடலோடு சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அது வாணம். கோயில் திருவிழாவில் விடுகிற அதே வாணம்தான், ஆனால் ஒரு மாற்றம். ஐரோப்பாவில் வாணத்துக்குக் காகித அட்டைக் குழாய். மருந்தை அழுத்தி அடைத்தால் குழாய் கிழிந்துவிடும். மைசூர்க் கொல்லர்கள் இரும்புத் தகட்டைத் தட்டி, சுமார் 20 சென்டிமீட்டர் நீளக் குழாயாக்கி, மருந்தை இறுக்கி அடைத்தார்கள். குழாயோடு நீண்ட மூங்கில் கழியைக் கட்டினார்கள். சிலவற்றில் கழிக்குப் பதில் வாள். இரும்பு தாங்கிய அழுத்தத்தில் வாணம் 1 கிலோமீட்டருக்கும் அப்பால் பாய்ந்தது. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. வாணம் பட்டுத்தான் வெடித்தது என்று பலர் எழுதினார்கள். பெய்லி கைதியானார். அந்தத் தோல்வியைக் கம்பெனி மறக்கவில்லை.

ஹைதர் 1782இல் இறந்தார். மகன் திப்பு வாணப்படையைப் பல மடங்கு பெருக்கினார். மூன்றாம் மைசூர்ப் போரில், கிருஷ்ணகிரியைச் சுற்றிய பாராமகால் பகுதி முழுக்கப் போர்க்களமானது. 1791 ஜூலையில் ஓசூரும் அதை அடுத்து இராயக்கோட்டையும் கம்பெனியின் கைக்குப் போயின. கிருஷ்ணகிரி மட்டும் மசியவில்லை. அந்த நவம்பரில் மேக்ஸ்வெல்லின் படை கீழே பேட்டையைப் பிடித்துவிட்டு மலைமேல் ஏறப் பார்த்தது. மேலிருந்து உருட்டிவிட்ட பாறைகள் அதைத் திருப்பி அனுப்பின. தாக்கிப் பிடிக்க முடியாத அந்தக் கோட்டை, 1792 உடன்படிக்கையில் பாராமகாலோடு சேர்ந்து கம்பெனிக்குக் கைமாறியது. மலபார்க் கரையும் போனது. திப்புவிடம் மிஞ்சியது கன்னடக் கரையின் ஒரு துண்டுதான். அதை வைத்துக்கொண்டு அவர் போட்ட திட்டம் மிகப் பெரியது.

1796இல் திப்பு கடற்படைக்கென்று தனி ஆணை வெளியிட்டார். 20 பெரிய போர்க்கப்பல்கள், 20 விரைவுக் கப்பல்கள், ஏறத்தாழ 10,000 ஆட்கள், மங்களூர் உட்பட மூன்று இடங்களில் கப்பல் கட்டும் துறைகள். ஆங்கிலேயர் கப்பல் வைத்திருக்கிறார்கள், ஆகவே நமக்கும் கப்பல் வேண்டும் என்ற கணக்கு அது. ஆனால் பிரிட்டன் நூற்றாண்டுக் கணக்கில் தேக்கிவைத்த கடலறிவையும் பணத்தையும் சில ஆண்டுகளில் எட்டிப்பிடிக்க வேண்டியிருந்தது. காலம் அவருக்கு மூன்றே ஆண்டுகள் கொடுத்தது.

1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸின் பெரும்படை இராயக்கோட்டை வழியாக எல்லையைத் தாண்டி, கெலமங்கலத்தைக் கடந்து மேற்கே நகர்ந்தது. ஏப்ரல் 5 இரவில், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே ஒரு தோப்பில், பாய்ந்து வந்த வாணங்களுக்கு நடுவே திசை தெரியாமல் தவித்துப் பின்வாங்கினார் ஓர் இளம் கர்னல். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற ஆர்தர் வெல்லஸ்லிதான் அவர். மே 4 அன்று திப்பு வீழ்ந்தார். 40 கப்பல் கனவு அவரோடு முடிந்தது. கோட்டைக் கிடங்கில் நூற்றுக்கணக்கான வாணங்களும் ஆயிரக்கணக்கான வெற்றுக் குழாய்களும் கிடந்தன. வென்றவர்கள் அவற்றில் சிலவற்றை லண்டனுக்கு அருகே வுல்விச் ஆயுதசாலைக்கு அனுப்பினார்கள். அங்கே அவற்றுக்கு மறுபிறவி காத்திருந்தது.

வுல்விச் ஆய்வுக்கூடத் தலைவரின் மகன் வில்லியம் காங்கிரீவ். 1804இல் லண்டனில் கிடைத்த பெரிய வாணங்களைச் சொந்தக் காசில் வாங்கி விட்டுப் பார்த்தார். சுமார் 600 கஜத்தில் விழுந்தன. மைசூர் வாணம் போனதில் பாதித் தொலைவுகூட இல்லை. மருந்துக் கலவையை மாற்றினார், அளந்தார், எழுதிவைத்தார், இரும்புக் குழாய்க்கு வந்தார். தொலைவு 2,000 கஜத்தை எட்டியது. அடுத்து அவர் செய்தது, மைசூரில் எவரும் செய்யாதது. வாணத்தைப் படகில் ஏற்றினார்.

அப்போது ஆங்கிலக் கால்வாயின் எதிர்க்கரையில், பூலோனில், நெப்போலியன் படையெடுப்புக்காகப் படகுகளைக் குவித்திருந்தார். பீரங்கி சுட்டால் படகை உலுக்கும். வாணத்துக்கு அந்த உதைப்பு இல்லை, சிறு படகே போதும். 1805 நவம்பரில் முதல் முயற்சி. காற்றும் அலையும் எல்லாவற்றையும் கெடுத்தன. 1806 அக்டோபரில் மீண்டும் போனார்கள். தீப்பிடித்தது ஊரில்தான், படகுகளுக்குப் பெரிய சேதமில்லை. அடுத்த ஆண்டு டென்மார்க்கின் கடற்படை நெப்போலியன் கைக்குப் போய்விடுமோ என்று பிரிட்டன் அஞ்சியது. 1807 செப்டம்பரில், நடுநிலை நாடான டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகன் மீது குண்டுகளோடு வாணங்களும் பொழிந்தன. நகரம் எரிந்தது, குடிமக்கள் மாண்டார்கள். டேனியர் தங்கள் கப்பல்களை ஒப்படைத்தார்கள். கடலாதிக்கத்தை எதிர்த்தவர்களின் படைக்கலம், இப்போது கடலாதிக்கத்தின் ஏவலாள். ஆனால் அதன் புகழ் நெடுநாள் நிற்கவில்லை.

முறுக்குக் குழல் பீரங்கிகள் வந்ததும் குறி தவறும் வாணத்தை எல்லோரும் கைவிட்டார்கள். பாயத் தெரிந்ததே தவிர, இலக்கைப் பார்க்கத் தெரியவில்லை. அந்தக் கண் கிடைக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1967 அக்டோபர் 21 அன்று, எகிப்தின் சிறு படகுகள் போர்ட் சையது துறைமுகத்திலிருந்தே சோவியத் ஏவுகணைகளைச் செலுத்தி, இஸ்ரேலின் எய்லாட் என்ற நாசகாரிக் கப்பலை மூழ்கடித்தன. உலகக் கடற்படைகள் அதிர்ந்தன. நான்கு ஆண்டுகள் கழித்து, பாகிஸ்தானோடு நடந்த போரில் இந்தியா தன் முறைக்கு இறங்கியது. அதனிடம் இருந்தவை துறைமுகக் காவலுக்கென்று சோவியத் ஒன்றியத்திடம் வாங்கிய ஏவுகணைப் படகுகள், நெடுந்தூரம் ஓட எரிபொருள் போதாது. அவற்றைப் பெரிய கப்பல்கள் வழியில் இழுத்துச் சென்றன. 1971 டிசம்பர் 4 இரவில் கராச்சிக்கு வெளியே அவற்றின் ஏவுகணைகள் பட்டுப் பாகிஸ்தானின் கைபர் என்ற போர்க்கப்பல் மூழ்கியது. இரும்புக் குழாய்க்குக் கண் முளைத்துவிட்டது. ஆனால் அது இன்னும் இரவல் கண்தான்.

1963இல் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவு ஏவுதளத்துக்குப் பயிற்சிக்குப் போயிருந்த இராமேசுவரத்து இளைஞர் ஒருவர், வரவேற்புக் கூடத்து ஓவியத்தில் திப்புவின் வாணப்படையைக் கண்டு வியந்து நின்றார். சொந்த ஊரில் மறந்ததை அந்நிய நாடு மாட்டிவைத்திருந்தது. அவர், பின்னாளில் இந்தியாவின் ஏவுகணைத் திட்டத்துக்குத் தலைமை தாங்கிய ஆ.ப.ஜெ.அப்துல் கலாம். 1990களில் சோவியத் ஒன்றியம் சிதறி, ரஷ்யாவின் ஆயுத வடிவமைப்பு நிறுவனங்கள் பணமின்றித் தவித்தன. அங்கே பாதியில் நின்ற சூப்பர்சானிக் கப்பல் எதிர்ப்பு ஏவுகணைத் திட்டத்துக்கு இந்தியா தோள்கொடுத்தது. 1998 பிப்ரவரி 12 அன்று ஒப்பந்தம். கூட்டு நிறுவனத்தை நடத்தியவர் சிவதாணு பிள்ளை. 2001 ஜூன் 12 அன்று ஒடிசாக் கரையில் முதல் சோதனை. ஒலியைப் போல 2.8 மடங்கு வேகம், 290 கிலோமீட்டர் தொலைவு. இந்தியாவின் பிரம்மபுத்திரா ஆறும் ரஷ்யாவின் மாஸ்க்வா ஆறும் சேர்ந்து அதற்குப் பெயர் தந்தன: பிரம்மோஸ். வாங்க வந்த முதல் அந்நிய நாடு, யாரும் வல்லரசென்று எண்ணாத ஒன்று.

பிலிப்பைன்ஸ். கப்பல் எண்ணிக்கையில் சீனக் கடற்படை இன்று உலகிலேயே பெரியது, 370க்கும் மேல். பிலிப்பைன்ஸ் கப்பலுக்குக் கப்பல் போட்டியிட்டால் நாடே விலைபோய்விடும். 1796இல் திப்பு போட்ட கணக்கை அது போடவில்லை. 2022 ஜனவரியில் சுமார் 37.5 கோடி டாலருக்குக் கரையோர பிரம்மோஸ் அணிகளை வாங்கக் கையெழுத்திட்டது. 2024 ஏப்ரலில் முதல் அணி விமானத்தில் போய் இறங்கியது. பிலிப்பைன்ஸ் கையெழுத்திட்ட அதே 2022இன் ஏப்ரலில், பெரிய கடற்படை எதுவும் மிஞ்சாத உக்ரைன், கரையிலிருந்து விட்ட ஏவுகணைகளால் ரஷ்யாவின் கருங்கடல் தலைமைக் கப்பல் மாஸ்க்வாவை மூழ்கடித்திருந்தது.

வளர்கிற கடல் வல்லரசுக்கு எதிரே நிற்பவர்கள் செய்ய வேண்டியது இதுதான்: கப்பலை எண்ணுவதை விட்டு, எதிரியின் கப்பல் கரையை நெருங்குவதன் விலையை ஏற்றுவது. ஏவுகணை எல்லாவற்றையும் காக்காது. மீனவர் படகின்மேல் தண்ணீர் பீய்ச்சுகிறவனை அதைக் காட்டித் தடுக்க முடியாது. நெடுங்கடலில் வணிகப் பாதையைக் காக்கக் கப்பல்தான் வேண்டும். இந்தியா கொச்சியில் விக்ராந்தைக் கட்டி 2022இல் கடற்படையில் சேர்த்தது சரியான செயல். ஆனால் கப்பல் சேரும் வரை கரை திறந்து கிடக்கக் கூடாது.

மைசூர் தோற்றது குழாய் இல்லாமல் அல்ல. குழாயை அளந்து, எழுதி, ஆண்டுதோறும் திருத்தும் ஒரு வுல்விச் அதனிடம் இல்லாமல் தோற்றது. இன்று தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் ஓசூர் ஐந்து முனைகளில் ஒன்று. நுண்ணிய பாகங்களைக் கடைந்து தருகிற பட்டறைகள் இங்கே நிறைய உண்டு. அந்தப் பட்டறைகள் பாகம் செய்து கொடுப்பதோடு நின்றுவிடாமல், அவற்றின் பக்கத்திலேயே ஆய்வுக்கூடங்களும் எழ வேண்டும். அரசு அதற்கு இப்போதே பணம் ஒதுக்க வேண்டும்.